ஆற்றில் படகா, ஐஸில் துளையா, வாடகை வீடா? மினசோட்டா குளிரில் வால்ஐ பிடிக்க மூன்று வழிகள்

நவம்பர் பாதி தாண்டினால் போதும், எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரே கேள்வி வெவ்வேறு ஆட்களிடமிருந்து வரத் தொடங்கிவிடும். "அண்ணா, இந்தக் குளிருக்கு வால்ஐ பிடிக்கலாம்னு இருக்கோம். ஆத்துக்குப் போறதா, ஐஸ் மேல போறதா?" கேட்பவர்கள் பெரும்பாலும் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மினியாபொலிஸ், செயின்ட் பால் பக்கம் வேலைக்கு வந்து இரண்டு மூன்று வருஷம் ஆனவர்கள். கோடையில் பூங்கா ஏரியின் மீன்பிடி மேடையில் நின்று சன்ஃபிஷ் என்ற சின்ன மீனைப் பிடித்திருப்பார்கள். கை அரிக்க ஆரம்பித்திருக்கும்.

ஒவ்வொருவருக்கும் பதில் பேசி அனுப்பி அலுத்துவிட்டது. அதனால் எழுதியே வைக்கிறேன்.

முதலில் மீன். முதல் தடவை பிடித்த அன்று அம்மாவுக்குப் போன் போட்டு "வால்ஐ பிடிச்சேம்மா" என்றேன். "வாளையா? அது நம்ம குளத்திலேயே கெடக்குமே, அதுக்கா இவ்வளவு குளிர்ல போனே" என்றார். வாளைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இது பெர்ச் குடும்பத்து நன்னீர் மீன். மஞ்சளும் பழுப்பும் கலந்த உடம்பு, கூரான பல், டார்ச் அடித்தால் பூனைக் கண் போல மின்னும் கண். கண்ணுக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருப்பதால்தான் அந்த மினுமினுப்பு. அதன் பலன், மங்கலான வெளிச்சத்திலும் கலங்கல் தண்ணீரிலும் இதற்கு இரை தெரியும், இது தின்னும் சின்ன மீன்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. 1965-லிருந்து மினசோட்டாவின் மாநில மீன். வடக்கே பாடெட் என்ற ஊரில் 40 அடி நீளத்துக்கு இதற்குச் சிலையே வைத்திருக்கிறார்கள்.

கீழே பனி என்று நான் சொல்வது வானத்திலிருந்து விழுவது. ஐஸ் என்றால் தண்ணீர் உறைந்தது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் இந்த விஷயத்தில் ஆபத்து.

## எதை வைத்து முடிவு செய்வது

"எங்கே மீன் அதிகம்" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். என் அனுபவத்தில் அந்தக் கேள்வியை நாலாவதாக வைத்துக்கொள்ளலாம்.

தப்பு நடந்தால் என்ன ஆகும். மானிடோபா பல்கலைக்கழகத்தின் கார்டன் கீஸ்பிரெக்ட் குளிர்நீர் ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர். அவர் பரப்பிய கணக்கு ஒன்று உண்டு: 1-10-1. உறைநிலைத் தண்ணீரில் விழுந்தால் மூச்சு கட்டுக்குள் வர 1 நிமிடம், கை கால் உருப்படியாக வேலை செய்ய 10 நிமிடம், உடல் சூடு இறங்கி நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். படகிலிருந்து விழுந்தாலும் ஐஸ் உடைந்து விழுந்தாலும் கணக்கு ஒன்றுதான். அந்தப் பத்து நிமிடத்துக்குள் உங்களை வெளியே எடுக்க என்ன ஏற்பாடு இருக்கிறது என்பதில்தான் மூன்று வழிகளும் வேறுபடுகின்றன.

காலமும் சட்டமும். உள்நாட்டு ஏரிகளில் வால்ஐ சீசன் பிப்ரவரி கடைசி ஞாயிறோடு மூடி, மே நடுவில்தான் திறக்கும். எல்லையாக ஓடும் ஆறுகளுக்குக் கணக்கு வேறு.

பணம். கடையில் கொடுப்பது பாதி. மீதி பின்னால் வரும்.

மீன். குளிரில் மீனின் உடம்பு மந்தமாகிவிடும், துரத்திப் பிடிக்காது. ஏரியில் ஐஸுக்குக் கீழே ஆழத்தில் தண்ணீர் 4 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும், ஏனென்றால் தண்ணீர் மிக அடர்த்தியாக இருப்பது அந்தச் சூட்டில்தான், அது அடியில் தங்கிவிடும். ஆற்றில் ஓட்டம் எல்லாவற்றையும் கலக்கிவிடுவதால் மேலிருந்து கீழ் வரை 0-வை ஒட்டித்தான். ஆக ஆற்று மீன் இன்னும் மந்தம். ஆனால் ஓட்டத்துக்கு ஒதுங்கி ஒரே இடத்தில் கூட்டமாக நிற்கும்.

கூட வருவது யார். சிறு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா, முதல் குளிர்காலம் பார்க்கும் தம்பி. இது முடிவை மாற்றிவிடும்.

## வழி 1: ரெட் விங் அணைக்குக் கீழே, படகில்

செயின்ட் பாலிலிருந்து ஒரு மணி நேரத்தில் ரெட் விங். அங்கே மிசிசிப்பியில் மூன்றாம் எண் அணை, அதன் கீழே தொடங்கும் நீர்ப்பகுதிக்குப் பூல் 4 என்று பெயர். குளிர்காலம் முழுக்க அணையை ஒட்டிய பகுதி உறையாமல் கிடப்பதற்கு இரண்டு காரணம். ஒன்று அணையிலிருந்து விழும் நீரின் வேகம். இன்னொன்று சற்று மேலே இருக்கும் பிரெய்ரி ஐலண்ட் அணுமின் நிலையம் வெளியே விடும் வெதுவெதுப்பான நீர்.

மீன் அங்கே ஏன் கூடுகிறது? வசந்தத்தில் முட்டையிட ஆற்றை எதிர்த்து ஏறும் வால்ஐ, அணையில் தடைபட்டு நின்றுவிடும். அதோடு அதன் தம்பி மாதிரி இருக்கும் சாகர் மீனும் நிற்கும். ஜனவரி, பிப்ரவரியில் 20 முதல் 30 அடி ஆழமுள்ள குழிகளில் அடியோடு அடியாகப் படுத்திருக்கும். மார்ச் கடைசியில் தண்ணீர் சூடாக ஆக ஓரங்களுக்கு ஏறும்.

பிடிக்கும் முறை பார்க்க எளிது, கை பழக நாளாகும். கால் அவுன்ஸ் அல்லது எட்டில் மூன்று அவுன்ஸ் ஈயத்தலை வைத்த முள், அதாவது ஜிக். அதில் ஒரு சின்ன ஃபாட்ஹெட் மீனை வாய் வழியாகக் கோர்த்து நேரே கீழே இறக்க வேண்டும். படகு ஓட்டத்தோடு அதே வேகத்தில் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும், அப்போதுதான் தூண்டில் நரம்பு செங்குத்தாக நிற்கும். ஈயம் தரையைத் தட்டும். ஒரு சாண் தூக்கி அப்படியே பிடியுங்கள். மறுபடி தட்டு, மறுபடி தூக்கு. வெடுக்கென்று இழுக்கும் என்று காத்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். தூக்கும்போது ஈர கோணிப்பை மாட்டினது போல கொஞ்சம் கனம் கூடியிருக்கும், அவ்வளவுதான். அதுதான் மீன். ஓட்டமுள்ள நீரும் மந்தமான நீரும் உரசும் கோடு மேற்பரப்பிலேயே கண்ணுக்குத் தெரியும். அந்தக் கோட்டின் மந்தமான பக்கம்தான் இடம்.

கலங்கல் இருந்தால் பகல் பதினோரு மணிக்கும் கடிக்கும். ஏரியில் விடியலுக்கும் அந்திக்கும் தவம் கிடப்பவர்களுக்கு இது பெரிய சௌகரியம்.

சட்டப்படி மினசோட்டா–விஸ்கான்சின் எல்லை மிசிசிப்பியில் வால்ஐ வருஷம் முழுக்கத் திறந்தே இருக்கிறது. 2020 முதல் வால்ஐ, சாகர் இரண்டும் சேர்த்து நாளைக்கு ஆளுக்கு 4. வால்ஐ குறைந்தது 15 அங்குலம் இருக்க வேண்டும், 20 அங்குலத்துக்கு மேல் ஒன்றுதான் வைத்துக்கொள்ளலாம். இரண்டு கரையிலும் ரயில் தண்டவாளம் ஓடுகிறதே, அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள எல்லை நீரில் மினசோட்டா லைசென்ஸோ விஸ்கான்சின் லைசென்ஸோ எது இருந்தாலும் செல்லும்.

இனி மறைந்திருக்கும் செலவு. படகு இறக்கும் சாய்தளத்தில் ஒவ்வொரு படகும் ஏறும்போது தண்ணீர் சொட்டும், அது உடனே ஐஸாகும். ஒரு பிப்ரவரி காலையில் நண்பரின் வண்டி, பின்னால் டிரெய்லரோடு, பிரேக் போட்டபடியே தண்ணீரை நோக்கி மெல்ல வழுக்கியது. நான் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன், சக்கரம் சுற்றவில்லை, வண்டி மட்டும் போகிறது. பின்சக்கரம் நீரில் நனைந்த இடத்தில் நின்றது. அன்றிலிருந்து இரண்டு மூட்டை பூனை மணல் இல்லாமல் போவதில்லை. இன்னொரு நண்பர் என்ஜினைச் சாய்த்த நிலையிலேயே கட்டிக்கொண்டு வீடு வந்தார். உள்ளே தேங்கின நீர் உறைந்து விரிந்ததில் கீழ்ப்பகுதி கீறல் விட்டது. தண்ணீரை விட்டு எடுத்ததும் என்ஜினை நேராக இறக்கி முழுக்க வடியவிட வேண்டும். இதெல்லாம் போக தூண்டில் வளையங்களில் ஐஸ் கட்டிக்கொண்டே இருக்கும், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை விரலால் உருவ வேண்டும்.

ஆபத்து என்று பார்த்தால், படகில் குளிருக்குப் போட்ட நாலு அடுக்கு உடையோடு விழுந்தால் நீந்த முடியாது. லைஃப் ஜாக்கெட்டை இருக்கைக்கு அடியில் வைப்பதற்குப் பதில் வைக்காமலே போகலாம், இரண்டும் ஒன்றுதான். உடம்பில் இருக்க வேண்டும். அணையை ஒட்டித் தடை செய்த பகுதி குறியிட்டிருக்கும், அதற்குள் போகவே கூடாது. மார்ச் நடுவுக்கு மேல் சரக்குப் படகுகளும் வர ஆரம்பிக்கும். ரெட் விங்குக்குக் கீழே ஆறே அகன்று ஏரியாகக் கிடக்கும் பெப்பினில் ஐஸைக் கிழித்துக்கொண்டு முதல் இழுவைக் கப்பல் வருவது இங்கே ஒரு செய்தி.

படகு இல்லாதவர்கள் வழிகாட்டியை அமர்த்திப் போகலாம். ஒரு நாளுக்குச் சில நூறு டாலர் ஆகும், இரண்டு மூன்று பேர் பங்கு போட்டால் தாங்கும். சொந்தப் படகை இதற்காக வாங்குகிறேன் என்று யாராவது சொன்னால் நான் தடுப்பேன்.

கரையில் நின்று வீசுவதும் உண்டு. மார்ச், ஏப்ரலில் பரவாயில்லை. ஜனவரியில் ஐஸ் படிந்த பாறையில் நின்று பார்த்தேன், ஒரு முறையோடு போதும்.

## வழி 2: சொந்தச் சாமானோடு, ஐஸ் மேல் நடந்து

எல்லோருக்கும் மனதில் இருப்பது இதுதான். சினிமாவில் வருகிற மாதிரி ஒரு துளை, ஒரு ஸ்டூல், அமைதி. உண்மையும் அதுதான், அமைதி கிடைக்கும். அந்த அமைதிக்குள் ஐஸ் சத்தம் போடும். முதல் தடவை கேட்டால் குலை நடுங்கும். தூரத்தில் யாரோ பெரிய தகரத்தை வளைத்து விட்டது போல ஒரு "ஊஊங்ங்" அடியில் ஓடும். குளிரில் ஐஸ் விரிவதும் சுருங்குவதும்தான் அது. அந்தச் சத்தத்தால் மட்டும் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியவை வேறு.

மினசோட்டா இயற்கை வளத் துறை சொல்லும் தடிமன், தெளிவான புது ஐஸுக்கு: நடக்க 4 அங்குலம், பனியில் ஓட்டும் ஸ்னோமொபைல் வண்டிக்கு 5 முதல் 7, சின்னக் காருக்கு 9–10, பிக்கப் வண்டிக்கு 13. பனி நனைந்து உறைந்த வெள்ளை ஐஸ் என்றால் இதை இரட்டிப்பாக்கிக்கொள்ள வேண்டும், அதற்குப் பாதி பலம்தான். ஒரு இடத்தில் 6 அங்குலம் பார்த்தேன் என்றால் அது அந்த இடத்துக்கு மட்டும். ஓடை கலக்கும் வாய், பாலத்தடி, குறுகலான கழுத்து, நாணல் ஓரம் இங்கெல்லாம் பாதிகூட இருக்காது. மேலே பனி மூடியிருந்தால் அது கம்பளி மாதிரி, ஐஸைத் தடிக்க விடாது.

எனக்கு ஐஸ் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெரியவர், எழுபது தாண்டியவர். கையில் இரும்பு உளிக்கம்பு, அதைக் கைத்தடி மாதிரி முன்னால் குத்திக்கொண்டே நடப்பார். நல்ல ஐஸில் "டங்" என்று கம்பு திருப்பி அடிக்கும், தோள் வரை அதிரும். அன்றைக்கு ஒரு இடத்தில் "தொப்" என்று மெத்தென விழுந்தது. நின்றார். இன்னொரு குத்து. கம்பு நுனி உள்ளே போய் நீர் கசிந்தது. ஒன்றும் பேசவில்லை, வந்த காலடித் தடத்திலேயே திரும்பினார், என்னையும் திரும்பச் சொல்லிக் கையைக் காட்டினார். மேலே பார்க்க அந்த இடத்துக்கும் பக்கத்து இடத்துக்கும் எந்த வித்தியாசமும் இல்லை. இதைத்தான் சொல்கிறேன், இது யூடியூபில் வராது. குறைந்தது 150 அடிக்கு ஒரு முறை சோதிக்கச் சொல்கிறது துறை. பெரியவர் ஆறேழு அடிக்கு ஒரு முறை குத்துவார்.

கழுத்தில் இரண்டு ஐஸ் முள் கைப்பிடிகள் தொங்க வேண்டும். விழுந்தால் வந்த திசைக்கே திரும்பி, அவற்றை ஐஸில் குத்தி, காலை உதைத்து வயிற்றால் ஏறி, எழுந்திருக்காமல் உருண்டு போக வேண்டும். அந்த இரண்டு கைப்பிடிகளும் சேர்த்துப் பத்துப் பதினைந்து டாலர்தான். நான் பார்த்த புது ஆட்களில் பாதிப் பேரிடம் இல்லை, ஆனால் அடியில் மீன் இருக்கிறதா என்று காட்டும் 400 டாலர் சோனார் இருக்கிறது.

பெரிய ஏரிகளில் காற்று இன்னொரு எமன். 2023 டிசம்பர் 29 அன்று வடக்கே அப்பர் ரெட் லேக்கில் ஐஸ் பெரும் பாளமாகப் பிரிந்து கரையை விட்டு நகர்ந்தது. 122 பேரை மீட்டார்கள். அவர்கள் நின்ற ஐஸ் தாங்கிக்கொண்டுதான் இருந்தது, கரைக்கும் அதற்கும் நடுவே தண்ணீர் வந்துவிட்டது.

சரி, மீன் பிடிப்பு. மினசோட்டாவில் ஐஸில் ஆளுக்கு இரண்டு தூண்டில் போடலாம், இதை விட்டுவிடாதீர்கள். எட்டு அங்குலத் துளை இரண்டு. ஒன்றில் பளபளக்கும் ஸ்பூன், அதாவது உலோகத் தகடு இரை, அதன் முள்ளில் சின்ன மீனின் தலையை மட்டும் கிள்ளிக் கோர்த்து, கையால் துள்ளவிடுவது. அது ஊரைக் கூட்டும் மேளம். இன்னொன்றில் சாதா முள், முதுகில் லேசாகக் கோர்த்த உயிருள்ள சின்ன மீன், மேலே தக்கை. தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் சும்மா விட்டுவிடுவது. மேளம் கேட்டு வந்த வால்ஐ பெரும்பாலும் அந்தச் சும்மா கிடக்கும் இரையைத்தான் எடுக்கும். தக்கை வெடுக்கென்று போகாது. யாரோ விரலால் மெல்ல அமுக்கினது போலத் துளைக்குள் இறங்கும், தக்கையின் நிறம் மங்கி மங்கி மறையும். அப்போதும் இரண்டு எண்ணி விட்டு இழுங்கள்.

நேரம்தான் எல்லாமே. தெளிந்த ஏரியில் சூரியன் மறைவதற்கு முந்தின அரை மணி, மறைந்த பின் ஒரு மணி. மதியம் பூராவும் உட்கார்ந்து ஒன்றும் படாமல், நாலரை மணிக்கு "கிளம்பலாம்" என்று எழுந்தவர்கள் எத்தனையோ பேர். துளைகளை வெளிச்சம் இருக்கும்போதே போட்டுவிட வேண்டும், அந்தி நேரத்தில் துளைத்துக்கொண்டிருந்தால் ஆழம் குறைந்த இடத்தில் மீன் விலகிவிடும்.

செலவைப் பாருங்கள். கையால் சுற்றும் துளைக்கருவி நூறு டாலருக்குள் வரும். டிசம்பரில் போதும், பிப்ரவரியில் இரண்டடி ஐஸைக் கையால் நாலு துளை போட்டால் தோள் கழன்றுவிடும், அப்புறம் பேட்டரிக் கருவிக்கு 400-க்கு மேல். மடக்குக் கூடாரம், சறுக்கு வண்டி, புரொபேன் ஹீட்டர், பூட்ஸ், மிதக்கும் சூட். "சும்மா ஒரு ஸ்டூல் போதும்" என்று ஆரம்பித்த நான் இரண்டு குளிர்காலத்தில் ஆயிரத்து ஐநூறைத் தாண்டிவிட்டேன், மனைவியிடம் சொன்ன கணக்கு வேறு. கூடாரத்துக்குள் ஹீட்டர் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம், மேலே காற்று போக வழியும் வேண்டும். அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது.

உழைப்பையும் சேருங்கள். எல்லாவற்றையும் அரை மைல் இழுத்துப் போக வேண்டும், வேர்க்கும். வேர்வை நனைந்த பனியன்தான் பிறகு உட்காரும்போது கொல்லும். போகும்போது ஜாக்கெட்டைக் கழற்றி வண்டியில் போட்டுவிட்டு நடங்கள்.

நகரத்தை ஒட்டிய மினடோங்கா, ஒயிட் பேர் ஏரிகளிலேயே வால்ஐ உண்டு, மாலை வேலை முடித்துப் போய் வரலாம். மில் லாக்ஸ் இரண்டு மணி நேரத்துக்குள். 1,32,000 ஏக்கர், ஆழமான இடமே நாற்பது அடிதான். அங்கே வால்ஐக்கான அளவும் எண்ணிக்கையும் வருஷா வருஷம் மாறும், போவதற்கு முந்தின நாள் விதியைப் படித்துவிடுங்கள்.

ஆறு உறைந்த இடத்தில் ஐஸ் மேல் நடக்கலாமா என்று சிலர் இரண்டையும் சேர்த்துக் கேட்கிறார்கள். அடியில் ஓட்டம் இருந்தால் ஐஸ் ஒரே சீராக இருக்காது, விழுந்தால் துளைக்குத் திரும்பி வரவும் முடியாது. அந்த ஊர்க்காரர் கூட்டிப் போனால் தவிர வேண்டாம்.

## வழி 3: வாடகை ஐஸ் வீடு

கனடா எல்லையில் லேக் ஆஃப் தி வுட்ஸ். பாடெட் வரை காரில் ஐந்து மணி நேரம். அங்கே விடுதிக்காரர்களே ஐஸ் மேல் பாதை போட்டு, சூடேற்றிய சின்ன வீடுகளை வைத்து, உங்களைப் பாம்பார்டியர் என்ற சங்கிலிச் சக்கர வண்டியில் கொண்டுபோய் இறக்குவார்கள். துளை போட்டிருக்கும், இரை இருக்கும், சாயங்காலம் வந்து ஏற்றிக்கொள்வார்கள். உள்ளே ஸ்வெட்டரோடு உட்காரலாம், ஃபிளாஸ்கில் டீ, டிஃபன் பாக்ஸில் தயிர் சாதம்.

இதெல்லாம் சேர்த்து ஆளுக்கு நாளைக்கு நூறு டாலர் வாக்கில், இராத் தங்கும் வீடு என்றால் கூடும். மறைவான செலவு பெட்ரோலும் ஒரு ராத்திரி அறையும். ஒரு குடும்பத்துக்கு மொத்தத்தில் ஆறேழு நூறு ஆகிவிடும். அதைவிட எரிச்சல், இடத்தைத் தேர்ந்தெடுக்க உங்களுக்கு உரிமை இல்லை. மீன் இல்லாத வீட்டில் இறக்கிவிட்டால் சாயங்காலம் வரை அதே துளைதான். எனக்கு ஒரு முறை நடந்தது, பக்கத்து வீட்டில் கத்திக் கத்தி எடுத்தார்கள், எங்களுக்கு மொத்தம் இரண்டு சாகர்.

ஆனால் அங்கே சீசன் ஏப்ரல் 14 வரை. சாகரும் சேர்த்து ஆளுக்கு 6, அதில் வால்ஐ 4-க்கு மேல் கூடாது, 19.5 முதல் 28 அங்குலம் வரை உள்ளதை விட்டுவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தினமும் அந்த ஐஸில் வண்டி ஓட்டுகிற ஆள் உங்களுக்காக ஐஸைப் படித்துவிட்டார். நீங்கள் கொடுக்கும் பணத்தில் பாதி அதற்குத்தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | ஆற்றில் படகு | சொந்தமாக ஐஸ் | வாடகை ஐஸ் வீடு |
|---|---|---|---|
| ஆபத்தைப் படிப்பது யார் | படகோட்டி | நீங்கள் | விடுதிக்காரர் |
| எப்போது | வருஷம் முழுக்க. மார்ச்–ஏப்ரல் உச்சம் | ஐஸ் பிடித்ததிலிருந்து பிப்ரவரி கடைசி ஞாயிறு வரை | ஏப்ரல் 14 வரை சீசன், ஐஸ் அனுமதித்தால் |
| கடிக்கும் நேரம் | பகலிலும் | அந்தி, விடியல் | அந்தி, விடியல். கலங்கல் இருந்தால் பகலிலும் |
| முதல் செலவு | வழிகாட்டிக்குச் சில நூறு | 300-லிருந்து, நிற்காமல் ஏறும் | ஆளுக்கு 100 வாக்கில் |
| மறைந்திருப்பது | சாய்தள ஐஸ், என்ஜின் | கருவி ஆசை, உழைப்பு | பெட்ரோல், அறை, இடம் மாற்ற முடியாமை |
| சின்னப் பிள்ளைகள் | வேண்டாம் | பழகிய பின், நகர ஏரியில் | நல்லது |

லைசென்ஸ் மூன்றுக்கும் வேண்டும். 60 நாள் இங்கே குடியிருந்தால் மாநிலவாசிக் கட்டணம், வருஷத்துக்கு 25–30 டாலருக்குள். வருஷம் என்பது மார்ச் 1-ல் தொடங்கிப் பிப்ரவரியில் முடியும், ஜனவரியில் வாங்கினால் இரண்டே மாதம்.

## அப்போ யார் எங்கே போவது

முதல் குளிர்காலம் என்றால் வாடகை வீடு. யோசிக்கவே வேண்டாம். ஐந்து மணி நேரப் பயணம் முடியாதென்றால் மில் லாக்ஸிலும் வாடகை வீடு கிடைக்கும். ஊரிலிருந்து பெற்றோர் வந்திருந்தாலும் இதுதான், அப்பாவுக்கு ஏரி மேல் வண்டி போவதைப் பார்ப்பதே போதும், மீன் அதற்கு மேல் வரவு.

வாரம் இரண்டு மாலை போக நேரமிருக்கிறது, ஐஸ் பார்க்கத் தெரிந்த ஒருவர் கூட வருகிறார் என்றால் சொந்தச் சாமான். கூட வர ஆள் இல்லையா, அந்த வருஷம் வாங்காதீர்கள். முதலில் ஆளைத் தேடுங்கள். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தாலே போதும், இந்த மாநிலத்தில் இதைப் பற்றிப் பேச மறுக்கிற பெரியவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

படகுள்ள நண்பர் இருக்கிறார், அல்லது மார்ச்சில் ஏரி மூடிவிட்டது, கை அரிக்கிறது என்றால் ஆறு. பெரிய மீன் ஒன்றைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசைக்கும் ஆறுதான், முட்டையோடு கனத்த பெண் மீன்கள் அப்போது அங்கே நிற்கும். அவற்றை விட்டுவிடுவதுதான் மரியாதை. ஒரு சிக்கல் உண்டு. முப்பது அடிக்குக் கீழிருந்து சட்டென்று மேலே இழுத்த மீனுக்குக் காற்றுப்பை உப்பிவிடும், விட்டாலும் பிழைப்பது கடினம். ஆகவே ஆழத்தில் பிடிக்கும் நாளில் கணக்குக்கு மீன் ஆனதும் நிறுத்திவிடுங்கள், பிடித்துப் பிடித்து விடலாம் என்று தொடர வேண்டாம்.

## பிடித்ததை வீட்டுக்குக் கொண்டுவருவது

நம் ஆட்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. மைனஸ் 20-ல் மீனை ஐஸ் மேல் போட்டால் அரை மணியில் விறகுக் கட்டை. அதற்கு முன்னாலேயே கழுவித் துண்டு போட்டுப் பையில் கட்டிவிடலாம் என்று தோன்றும். கூடாது. அளவு விதி உள்ள நீரில் பிடித்த மீனைத் தலை, வாலோடு அளக்கிற மாதிரி வைத்திருக்க வேண்டும். மற்ற இடத்தில் சதை மட்டும் எடுத்துப் போனாலும் ஒவ்வொன்றிலும் ஒரு அங்குலத் தோல், செதிலோடு, விட்டிருக்க வேண்டும், என்ன மீன் என்று அதிகாரி பார்க்க. குழம்புக்கு வெட்டின துண்டு அவருக்கு எந்த மீனோ, எத்தனை மீனோ.

இரைக்கான சின்ன மீன் மிஞ்சினால் ஏரித் தண்ணீரோடு காரில் ஏற்றக் கூடாது. வடித்துவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுபோன தண்ணீரை ஊற்றிக்கொள்ள வேண்டும். ஏரிக்கு ஏரி வேற்று உயிரினங்கள் பரவாமல் இருக்கத்தான் இந்த விதி.

குழம்பு வைத்துப் பார்த்தேன். வெள்ளைச் சதை, முள் குறைவு, ஆனால் புளியில் கொதித்தால் உதிர்ந்து கரண்டியில் வராது. மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, கொஞ்சம் அரிசி மாவு தடவித் தோசைக்கல்லில் போடுங்கள். ஐஸிலிருந்து வந்த மீனை முதலில் ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் கீழ்த்தட்டில் வைத்து இளக விட்டுவிட வேண்டும், அவசரப்பட்டுச் சுடுதண்ணீரில் போட்டால் வெளியே வெந்தும் நடுவே கல்லாகவும் இருக்கும்.